வேர் விட்ட பல் டாக்டர்

காலை ஏழரை மணிக்கு, நோயாளிகள் படுக்கும் நாற்காலியில் பல் டாக்டரே வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக ஊரார் வாயையெல்லாம் எட்டிப் பார்த்தவருக்குத் தன் வாயை எட்டிப் பார்க்க வழியில்லை. அந்த வேலையை அவருடைய உதவியாளர் பெண் செய்துகொண்டிருந்தாள்.

“இன்னும் கொஞ்சம் திறங்க சார்.”

“ஆ...”

“வர்றவங்களை எல்லாம் ‘இவ்வளவுதான் திறக்குமா’ன்னு அதட்டுவீங்களே. அந்த அளவுக்குத் திறங்க.”

நுனியில் கேமரா வைத்த சிறு குழாயை அவள் உள்ளே விட்டாள். திரையில் இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் பெரிதாகத் தெரிந்தது. அதன் நடுவே மெல்லிய கோடு ஒன்று நேராக ஓடி, பாதி வழியில் நாக்குப் பக்கமாகத் திரும்பியிருந்தது.

டாக்டருக்கு வலி மறந்துவிட்டது. அவ்வளவு அழகான விரிசல்.

“பாத்தியாம்மா? எதையாவது கடிச்சு உடைஞ்சிருந்தா ஓரம்தான் பேந்திருக்கும். இது அப்படி இல்ல. பாரம் தூக்கும்போது சில பேர் பல்லோட பல்லை வச்சு நெரிப்பாங்க. அப்படி நெரிச்சு வந்த கோடு இது. திரும்பற இடத்தைப் பாரு, கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கு.”

“சரி சார். நீங்க எப்போ பாரம் தூக்கினீங்க?”

டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

“சார்?”

“காலையில ஆறு மணிக்கு. எண்பது கிலோ. வெளிய சொல்லிடாதே.”

அவள் வழக்கப்படி படத்தை அச்செடுத்தாள். படத்தை எடுத்ததும் அச்சு, அச்சு வந்ததும் பின்பக்கம் நோயாளியின் பெயர். பதினோரு வருடமாக அவள் மாற்றாத முறை அது. பேனாவின் மூடியைத் திறந்தபோது டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“பேர் போடாதே. யாராவது பாத்துத் தொலைச்சா என் மானம் போயிடும்.”

“பேர் இல்லாம ஒரு படம்கூட என் டிராயர்ல இருந்ததில்ல சார்.”

“இது ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்.”

பிடிக்காத விருந்தாளியை உள்ளே விடுவது போல அவள் அந்தப் படத்தை டிராயருக்குள் வைத்தாள்.

இதில் மானம் போக என்ன இருக்கிறது என்று கேட்கலாம். டாக்டர் ஐந்து வருடமாகத் தாய் சீ கற்றுக்கொண்டிருந்தார். மெதுவாகக் கையை வீசி, மெதுவாகக் காலை மாற்றி, உடம்புக்குள் உறங்கும் சக்தியை எழுப்புகிற கலை. முதல் நாலே முக்கால் வருடம் அவருக்குள் எழுந்தது கொட்டாவி மட்டும்தான்.

அந்த வகுப்பில் வாரம் ஒருநாள் கைத்தள்ளு நடக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டை ஒட்டிக்கொண்டு, அடுத்தவரை நின்ற இடத்திலிருந்து நகர்த்தப் பார்க்க வேண்டும். டாக்டரை யார் வேண்டுமானாலும் நகர்த்தினார்கள். எழுபது வயதான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருமுறை எதிரில் நின்று தும்மினார். டாக்டர் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

சின்ன வயசிலிருந்தே அவர் கதை அதுதான். பள்ளிக்கூடத்தில் வரிசையிலிருந்து தள்ளினார்கள். பேருந்தில் வாசல் பக்கம் தள்ளினார்கள். கட்டிய மனைவி தூக்கத்தில் கட்டிலின் ஓரத்துக்குத் தள்ளினாள். வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்திலாவது அசையாமல் நிற்க வேண்டும் என்று அந்த மனிதர் உள்ளுக்குள் ஏங்கிக் கிடந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மைத்துனன்தான் வழி காட்டினான். மனைவியின் தம்பி. தாய் சீ கூடத்துக்கு எதிர்ச்சாரியில் ஜிம் நடத்துபவன்.

“மாமா, உங்களுக்குச் சக்தி இல்லாம இல்ல. தொடை இல்ல.”

டாக்டர் ரகசியமாக ஜிம்முக்குப் போனார். முதல் வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஆறாவது வாரம் அதிசயம் நடந்தது. தாய் சீயில் பழகிய மூச்சை மெதுவாக வயிற்றுக்கு இறக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். கம்பி தானாக மேலே வந்தது. அன்று மாலை வகுப்பில், ஜிம்மில் பழகிய தொடையோடு நின்றார். பாதம் தரைக்குள் இறங்கியது போல இருந்தது. இத்தனை நாளாக அவர் உடம்பில் இரண்டு பேர் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்துகொண்டு ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த கைத்தள்ளில் தலைமையாசிரியை தும்மினார், தள்ளினார், கடைசியில் தலையால் முட்டியும் பார்த்தார். டாக்டர் அசையவில்லை. வகுப்பில் இருந்த பதினோரு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிப் பார்த்துத் தோற்றார்கள்.

“டாக்டருக்கு வேர் விட்டுடுச்சு,” என்றார் மாஸ்டர். “அடுத்த மாசத்திலேர்ந்து ஞாயித்துக்கிழமை புது ஆளுங்க வகுப்பை இவரே நடத்தட்டும்.”

டாக்டர் வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ஆனந்தக் கண்ணீர் பாதி, பயம் பாதி. ஏனென்றால் கூடத்தின் சுவரில், மாஸ்டர் தன் கையால் எழுதிய ஒரே விதி தொங்கிக்கொண்டிருந்தது: ‘இரும்பைத் தொடுகிறவருக்கு இங்கே இடமில்லை.’

மாஸ்டர் அறுபதைத் தாண்டியவர். நடந்தால் சத்தம் வராது. எடை தூக்கினால் தோள் இறுகும், தோள் இறுகினால் சக்தி முழங்கையோடு நின்றுவிடும் என்பது அவர் கட்சி. அதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார். தினமும் மத்தியானம் பின் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு தியானம் செய்வார். நடுநடுவே உள்ளிருந்து ‘டங்’ என்று ஓர் ஓசை வரும். அது தியான மணி என்பது மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இப்போது பல்லுக்கு வருவோம். வேறு பல் டாக்டரிடம் போனால் விஷயம் ஊர் சுற்றும். அதனால் டாக்டர் சாயங்காலம் வகுப்புக்குக் கிளம்பும் முன் தானே ஊசி போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தானே சிமெண்டு பூசிக்கொண்டார். கண்ணாடியில் இடது வலதாகத் தெரிந்ததில் சிமெண்டு கொஞ்சம் அதிகமாகவும் கொஞ்சம் பக்கத்துப் பல்லிலும் விழுந்தது. வாயை மூடினால் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது.

மாலை வகுப்பில் மாஸ்டர் அவர் முன்னால் வந்து நின்றார். இரண்டு விரலால் தாடையைத் தொட்டார்.

“டாக்டர், தாடை கோணியிருக்கே.”

“சாப்பாட்டுல கல்லு மாஸ்டர். கடிச்சுட்டேன்.”

“எப்போ?”

“காலையில.”

“கல்லைக் கடிச்சவர் முகம் சுளிக்கணுமே. உங்க முகத்துல ஒரு சலனமும் காணோம்.”

ஊசி போட்டு மரத்துப்போன முகத்தில் சலனம் எங்கிருந்து வரும்?

மாஸ்டர் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். குரல் தழுதழுத்தது. “பாத்துக்குங்க. சக்தி தாடை வரைக்கும் ஏறிடுச்சு. அதான் இவருக்கு வலி தெரியல. எனக்கு இது வர இருபது வருஷம் ஆச்சு.”

எல்லோரும் டாக்டரை ஒரு மாதிரி பக்தியோடு பார்த்தார்கள். மாஸ்டர் ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். எதிர்ச்சாரி ஜிம் வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள்: ‘தூக்காத உடம்பு நிற்காது.’

“இதுக்கு நான் பதில் சொல்லி அனுப்பிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அந்த ஜிம்காரன் இங்க வந்து நம்ம ஆளைத் தள்ளட்டும். நம்ம பக்கம் நிக்கப்போறவர் டாக்டர். நிக்கறதுக்கு முன்னாடி எல்லார் எதிர்லயும் ஒரு சத்தியம் பண்ணுவார். இந்தக் கை இரும்பைத் தொட்டதே இல்லைன்னு.”

பின்வரிசையிலிருந்து தலைமையாசிரியை சந்தேகம் கேட்டார். “குறடு பிடிக்கிற கையாச்சே மாஸ்டர்?”

“அது ஸ்டீல்,” என்றார் மாஸ்டர்.

வீட்டில் மைத்துனன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் எதிரில் போய் உட்கார்ந்தார்.

“மச்சான், அந்தப் போட்டியிலேர்ந்து விலகிடு.”

“ஏன் மாமா?”

“அந்தப் பக்கம் நிக்கப்போறது நான்தான்.”

மைத்துனன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து வந்து, எச்சில் கையை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டு, அவரைக் கட்டிப் பிடித்தான். “மாமா, இது போதும் எனக்கு. நீங்க ஜெயிச்சா ‘எங்க ஜிம்முல தயாரான ஆள்’னு மைக்ல சொல்லுவேன். தோத்தா ‘இன்னும் ஆறு மாசம் வந்திருந்தா ஜெயிச்சிருப்பார்’னு சொல்லுவேன்.”

“டேய், எனக்கு அந்த வகுப்பு போயிடும்டா.”

“மைக்லதான் மாமா. மெதுவாச் சொல்றேன்.”

டாக்டரின் மனைவி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். புருஷன் குளியலறையில் அழுதது அவளுக்குக் கேட்டிருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை.

“நீங்க போய்க் கை கழுவுங்க. இவனை நான் பாத்துக்கறேன்.”

டாக்டர் கை கழுவி வருவதற்குள் பேச்சுவார்த்தை முடிந்திருந்தது.

“வாயத் திறக்க மாட்டான். ஆனா பதிலுக்கு ஒண்ணு கேக்கறான்.”

“என்ன?”

“ஒரு படம் மாமா. விளம்பரத்துக்கு,” என்றான் மைத்துனன். “முகம் வராது. முதுகு மட்டும். மூணு மாசத்துல இப்படி ஒரு முதுகு எங்க ஜிம்முல யாருக்கும் வரல.”

“முடியாது.”

“ஏங்க, நாப்பத்தெட்டு வயசுல உங்க முதுகைப் படம் புடிக்கணும்னு ஒருத்தன் கெஞ்சறான். இனிமே யாரு கேக்கப்போறா? குடுத்துட்டுப் போங்க,” என்றாள் மனைவி.

அதுவும் சரிதான் என்று டாக்டருக்குப் பட்டது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

புதன்கிழமை மாலை அவர் கூடத்துக்கு வந்தபோது மாணவர்கள் எல்லோரும் ஜன்னலில் நின்றார்கள். எதிர்க் கட்டடத்தில் பன்னிரண்டடி உயரத்துக்கு டாக்டரின் முதுகு தொங்கிக்கொண்டிருந்தது. வலது தோளில் இருந்த மச்சம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்திருந்தது.

டாக்டர் கீழே இறங்கிப் போய், வண்டியில் கிடந்த ஸ்வெட்டரைச் சட்டைக்கு மேல் மாட்டிக்கொண்டு, திரும்பவும் ஏறி வந்தார்.

“நல்ல வேளை வந்தீங்க,” என்றார் மாஸ்டர். “இந்த முதுகைப் பாருங்க. என்ன தோணுது?”

“ஒ... ஒண்ணும் தோணல மாஸ்டர்.”

“சரியாச் சொன்னீங்க. ஒண்ணுமே இல்லாத முதுகு. எல்லாரும் நல்லாப் பாருங்க. இது டெட்லிஃப்ட்ல வர்ற முதுகு. குனிஞ்சு கம்பியை இழுக்கும்போது ஒரு உள்ளங்கை உள்பக்கம், ஒரு உள்ளங்கை வெளிப்பக்கம்னு மாத்திப் பிடிக்கிறான். அதான் ஒரு பக்கம் ஏறியிருக்கு. எண்பது கிலோவுக்கு மேல போயிருக்க மாட்டான்.”

வகுப்பு வாயைப் பிளந்தது. இரும்பையே தொடாத மனிதர், ஒரு படத்தைப் பார்த்து எடை சொல்கிறார் என்றால் அது உள்சக்தியல்லாமல் வேறென்ன? டாக்டர் ஸ்வெட்டரைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டார். எண்பது கிலோ. கிராம் பிசகாமல் சொல்லிவிட்டாரே!

அன்றிலிருந்து அவர் மாஸ்டருக்கு முதுகைக் காட்டவே இல்லை. ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் பயம் பயம்தானே. வரிசையில் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பும்போது அவர் மட்டும் மாஸ்டரைப் பார்த்துத் திரும்பினார். வகுப்பு முடிந்ததும் வணக்கம் சொன்ன கையோடு, பின்பக்கமாகவே நடந்து வாசலைத் தாண்டினார்.

மாஸ்டர் உருகிப் போனார். “குருவுக்கு முதுகு காட்டாமப் போறார் பாருங்க. இந்தக் காலத்துல யாரு செய்வா?”

மறுநாள் வகுப்பே பின்பக்கமாக நடந்து வெளியேறியது. தலைமையாசிரியை செருப்பு அலமாரியில் மோதி, அலமாரியோடு படியில் இறங்கினார். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் டாக்டர்தான் அவரைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. தூக்கும்போது பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்தார். சிமெண்டு கழன்று தொண்டைக்குள் போனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எட்டு மணிக்கு டாக்டர், ஜிம்முக்குப் பக்கத்திலிருந்த தன் மருத்துவமனையில் நின்று, சத்தியம் செய்யும் வாசகத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இந்தக் கை’ வரை நன்றாக வந்தது. அதற்கு மேல் நாக்கு எழவில்லை. சொன்னால் பொய். சொல்லாவிட்டால் வகுப்பு இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாகக் காலூன்றி நின்ற இடம் அது, அதையும் விட்டுவிட்டு எங்கே போவது?

கதவு திறந்தது. மாஸ்டர் நின்றார். இடது கன்னத்துக்குள் ஓர் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்தது போல வீங்கியிருந்தது.

“டாக்ட்...” என்றார். மீதியைச் சொல்ல வாய் ஒத்துழைக்கவில்லை.

“உக்காருங்க மாஸ்டர். எத்தனை நாளா இப்படி?”

“நாலு நாள். சக்தியால அடக்கி வச்சிருந்தேன்.”

டாக்டர் கை கழுவப் போனார். அதற்குள் உதவியாளர் தன் முறைப்படி வாய்க்குள் கேமராவை விட்டு, படம் எடுத்து, அச்செடுத்து, பேனாவின் மூடியைத் திறந்தாள்.

“உங்க பேரு சார்?”

“பேரெல்லாம் எதுக்கும்மா? உடம்புக்கு ஏது பேரு?”

“உடம்புக்கு வேண்டாம் சார். டிராயருக்கு வேணும்.”

“எழுதாதேம்மா,” என்றார் மாஸ்டர், கொஞ்சம் வெடுக்கென்று. அவள் பேனாவை மூடிவிட்டு, படத்தை டிராயருக்குள் போட்டு, அதைச் சற்றுச் சத்தமாகவே சாத்தினாள்.

டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். அவர் கண் மாஸ்டரின் வாய்க்குள் இருந்தது. மனசு ஜிம் சுவரில் பன்னிரண்டடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“விரிஞ்சு, உள்ளே சீழ் வச்சிருக்கு மாஸ்டர். இனிமே காப்பாத்த முடியாது. எடுத்துடணும். எதைக் கடிச்சீங்க?”

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். “சாப்பாட்டுல கல்லு.”

அதே வார்த்தை. அவர் சொன்ன அதே பொய். மாஸ்டருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று டாக்டர் நினைத்தார். இருந்தாலும் மனிதர் தொழிலை விட்டுக்கொடுக்காதவர். ஊசியைப் போட்டு, மரத்துப்போகக் காத்திருந்து, குறட்டைக் கையில் எடுத்தார்.

“ஒண்ணு மட்டும்,” என்றார் மாஸ்டர் குழறலாக. “பலத்தைக் காட்டாதீங்க. சக்தியால எடுங்க.”

டாக்டர் சக்தியால் முயன்றார். தோளைத் தளர்த்தி, இடுப்பைத் திருப்பி, மணிக்கட்டை நீரோட்டமாக விட்டார். பல் இருந்த இடத்திலேயே இருந்தது. வேர் விடுவது எப்படி என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்தவரின் பல் அல்லவா.

பிறகு மாஸ்டருக்குத் தெரியாமல் பலத்தால் முயன்றார். முன்கை புடைத்தது, நெற்றி வேர்த்தது. நாற்காலி கிரீச்சிட்டது. பல் அசையவில்லை.

மணி ஒன்பதைத் தாண்டியது. எதிரே கூடத்தில் மைத்துனன் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. டாக்டர் ஓரடி தள்ளி நின்று மூச்சை வயிற்றுக்கு இறக்கினார். பாதத்தைத் தரையில் அழுத்தினார். ஜிம்மில் கம்பியை எடுப்பது போலத் தொடையை இறக்கி, முதுகை நிமிர்த்தி, ஆனால் தோளைக் கூடத்தில் பழகியபடி காற்றாக விட்டார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று மூச்சு வெளியே போனது. கூடவே பல்லும் வெளியே வந்தது.

கையில் அப்படி ஒரு சுகம். தொடையிலிருந்து விரல் நுனி வரை தடையில்லாமல் ஏதோ ஒன்று ஓடி வந்ததை அவர் உணர்ந்தார். சக்தி என்று மாஸ்டர் சொன்னதும் பலம் என்று மைத்துனன் சொன்னதும் ஒரே நொடியில் ஒரே குறட்டுக்குள் கைகோத்துக்கொண்டு வந்திருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நன்றாக அவர் ஒரு பல்லை எடுத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவரால் பொய்யைச் சுமந்துகொண்டு நிற்க முடியவில்லை.

“மாஸ்டர், நான் எடை தூக்கறேன்.”

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். வாயில் பஞ்சு இருந்தது.

“மூணு மாசமா. அந்த முதுகு என்னோடது. எனக்கு வேர் விட்டது அங்கேயும் இங்கேயும் சேர்ந்துதான். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பகை இல்ல மாஸ்டர். ரெண்டும் சேர்ந்தாத்தான் உங்க பல்லே வந்துச்சு. அன்னைக்கு என் தாடை கோணினதும் கல்லால இல்ல. பாரம் தூக்கும்போது பல்லைக் கடிச்சேன், விரிஞ்சுடுச்சு.”

மாஸ்டரின் கை மெதுவாகக் கன்னத்துக்குப் போனது. மரத்துப்போன கன்னம், பாவம். பிறகு எழுந்து, பஞ்சை ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

“உங்களைப் பெரிசா நம்பினேன் டாக்டர்.”

“மாஸ்டர்...”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை வகுப்பு வேற யாருக்காவது போகட்டும். இன்னைக்கு நீங்க நிக்க வேண்டாம். சத்தியத்தையும் நானே பண்ணிக்கறேன், நானே நின்னுக்கறேன்.”

வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். “அந்தப் பல்லைக் குடுங்க.”

தட்டிலிருந்த பல்லைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல் நடந்து போனார்.

டாக்டர் நோயாளிகள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். ஐந்து வருடம், பதினோரு பேர், ஒரு வேர். எல்லாம் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. எதிரே கூடத்தில் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது. அங்கே மைத்துனன் தள்ளப்போகிறான், மாஸ்டர் நிற்கப்போகிறார். மறுபடியும் அவரை வரிசையிலிருந்து தள்ளிவிட்டார்கள். உண்மையைச் சொன்னது தப்பா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

உதவியாளர் குறட்டைக் கழுவி வைத்தாள். தட்டைத் துடைத்தாள். பிறகு டிராயரைத் திறந்து எதையோ வெகுநேரம் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் இரண்டு படங்களைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“சார், உங்களை மாதிரியே அவரும் பேர் போட வேண்டாம்னுட்டாரு, இப்போ ரெண்டும் கலந்துபோச்சு. அதே பல்லு, அதே கோடு, கோடு திரும்பற இடம்கூட அதேதான். இதுல உங்களோடது எது சார், மாஸ்டரோடது எது?”